வாளித் தண்ணீரின் வெள்ளி: தம்பலகாமக் குடாவிலிருந்து ஒரு குறிப்பு

முத்து வாணிபம் என்றால் நம்மவர்கள் மன்னாரையும் கீழக்கரையையும் காயல்பட்டினத்தையும்தான் எழுதுகிறோம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தம்பலகாமக் குடாவிலும் முத்தெடுத்தார்கள். கண்ணாடிபோல மெல்லிய தட்டைச் சிப்பியின் சிறுமுத்து அது. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1850களின் இறுதியிலும், ஜேம்ஸ் ஹோர்னல் 1900களின் முதற் பத்தாண்டிலும் இதைப் பற்றி அறிக்கை எழுதினர். அம்முத்துக்கள் பெரும்பாலும் இந்தியாவுக்குப் போய் மருந்தாகவும் செல்வந்தரின் வெற்றிலைச் சுண்ணாம்பாகவும் முடிந்தன.

அதே கரையில் முத்தைப்போல மினுங்கும் இன்னொரு பொருளும் உண்டு. கிண்ணியாவில் சூடையும் கீரியும் கழுவுகிற வாளியில் தண்ணீர் வெள்ளியாய் மினுங்கும். மீன் வெட்டும் காக்கா ஒருவரிடம் அது என்னவென்று கேட்டேன். "ஊத்தைதான் தம்பி, கழுவி ஊத்தினாச் செரி" என்றார்.

17ஆம் நூற்றாண்டில் பாரிசில் செபமாலை மணி செய்த ஜக்கென் என்பவர் அதை ஊற்றிவிடவில்லை. சிறிய ஆற்றுமீன்களைக் கழுவிய நீரில் படிந்த வெள்ளிப் பொடியை எடுத்து, உள்ளீடற்ற கண்ணாடி மணிகளின் உட்புறம் பூசி, மெழுகு நிரப்பிப் போலிமுத்துச் செய்தார். அந்தப் பூச்சுக்குப் பிரெஞ்சில் வைத்த பெயரின் பொருள் 'கிழக்கின் சாரம்'. மீன் அவர்களுடையது, பெயரை மட்டும் நம் கடல்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பொடிதான் குவானின். மீன்தோலின் கலங்களில் மெல்லிய பளிங்குத் தகடுகளாக அடுக்கியிருந்து ஒளியைத் தெறிக்கச் செய்கிறது. நீரில் எளிதில் கரையாததால் வாளியின் அடியில் படிகிறது. 1844இல் உங்கர் என்ற ஜெர்மானியர் குவானோ எனும் கடற்பறவை எச்ச உரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பெயரும் அதிலிருந்தே வந்தது.

பின்னர் ஆல்பிரெக்ட் கோசெல் கலக்கருவின் அமிலத்தை ஆராய்ந்தார். 1885இல் மாட்டின் கணையத்திலிருந்து அடினினைப் பிரித்தார். அடுத்த பத்தாண்டில் தைமினும் சைற்றோசினும் கிடைத்தன. 1910இல் அவருக்கு நோபல் பரிசு. 1953இல் டீ.என்.ஏ.யின் அமைப்பு தெளிவானபோது, குவானின் சைற்றோசினோடும் அடினின் தைமினோடும் சோடி சேர்வது தெரிந்தது. ஆர்.என்.ஏ.யில் தைமினுக்குப் பதில் யுராசில்.

உயர்தரப் பிள்ளைகள் இந்த ஐந்து நைதரசன் மூலங்களையும் பாடமாக்கிச் சோதனை எழுதிட்டு மறந்திடுதுகள். கிண்ணியாவிலும் மூதூரிலும் அவர்களில் பலர் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். வாப்பாவின் கையில் ஒட்டிய மினுக்கமும் தன் மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒன்றும் ஒரே பொருள் என்று கேட்ட பிள்ளை அதை லேசில் மறக்காது. முத்தெடுத்தவர், விற்றவர் கணக்கோடு நம் கடல் வரலாறு நின்றுவிடக் கூடாது. ஆசிரியர்கள் அந்தப் பாடத்தை மீன் கழுவிய வாளியிலிருந்தே தொடங்கலாம்.