பாலாடைக்கட்டியும் கஞ்சித்தொட்டியும்

சென்னைக் கடற்கரைச் சாலையில், சர்வகலாசாலைக் கட்டடத்தையும் மாநிலக் கல்லூரியையும் தாண்டித் தெற்கே நடந்தால், முன்பக்கம் வட்டமாகப் பிதுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு பழைய மாளிகையைக் காணலாம். வாசலில் 'விவேகானந்தர் இல்லம்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். "ஐஸ் ஹவுஸா? அப்படிச் சொல்லுங்க சார்" என்று வண்டியைக் கிளப்புவார். ஐஸ் அங்கே இருந்து கரைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மட்டும் இன்னும் கரையவில்லை.

அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்ற சமாசாரம் பலருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளை அறுத்து, பாளம் பாளமாக எடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றினார் பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. 1833-ல் முதல் கப்பல் கல்கத்தாவுக்குப் போயிற்று. நாலு மாதப் பிரயாணம். ஏற்றியது 180 டன். இறக்கியது சுமார் 100 டன். மீதியைச் சமுத்திர ராஜன் குடித்துவிட்டான். அப்படியும் லாபம் வந்தது என்றால் வாங்கினவர்களுடைய தாகம் எப்பேர்ப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1842-ல் சென்னையிலும் ஐஸ் சேமித்து வைக்க அந்த மாளிகை எழுந்தது.

சரித்திரப் புத்தகங்களில் கோட்டைகள் வருகின்றன, யுத்தங்கள் வருகின்றன, இன்ன வருஷம் இன்ன கவர்னர் என்ற ஜாபிதா வருகிறது. அந்தக் கவர்னர் வீட்டுக்குக் காலையில் யார் மார்க்கெட்டுக்குப் போனார்கள், ஆட்டிறைச்சி என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது மட்டும் வருவதில்லை. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கோ அதுதான் முதலில் தெரிய வேண்டியிருக்கிறது. ஒரு மனிதன் எதற்கு எவ்வளவு விலை கொடுக்கச் சம்மதிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் அவனைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரிதான்.

1639-ல் இங்கே இடம் வாங்கிக் கோட்டை கட்ட ஆரம்பித்தவர்கள் பிடித்த இடம், துறைமுகமே இல்லாத வெறும் மணல்கரை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். நடுவில் அலைகள் மூன்று வரிசையாகச் சீறிக்கொண்டு நிற்கும். சீமைப் படகு அதில் இறங்கினால் சுக்குநூறுதான். ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளை நம் கரையோர மக்கள் செலுத்திக்கொண்டு போய், ஆளையும் சாமானையும் இறக்கிக்கொண்டு வருவார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல், சீமையிலிருந்து வந்த ஒவ்வொரு பன்றித் தொடையும் பாலாடைக்கட்டியும் ஒயின் புட்டியும் அந்தத் தையல் படகில் உப்புத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கத்தான் கரையேறிற்று.

கும்பெனிக் கப்பல்களின் காப்டன்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் சரக்கு ஏற்றிக்கொள்ளச் சலுகை உண்டு. அவர்கள் சும்மா இருப்பார்களா? ஊர் ஞாபகத்தில் ஏங்கிக் கிடக்கும் ஜனங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்து, அதை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியில் மதேராத் தீவில் ஒயின் பீப்பாய்களையும் உருட்டிக்கொண்டார்கள். கப்பல் வந்த வாரம் ஒரு விலை. அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாத மாதத்தில் வேறு விலை.

என்ன விலை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. எலிசா ஃபே என்ற ஆங்கிலப் பெண்மணி 1780-ல் சென்னையில் தங்கிவிட்டுக் கல்கத்தாவுக்குப் போய்க் குடித்தனம் வைத்தாள். கணவன் வக்கீல். பணத்துக்குத் திண்டாட்டம். ஊருக்கு எழுதிய கடிதத்தில் விலைவாசியை ஒன்று விடாமல் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒரு முழு ஆடு 2 ரூபாய். ஆட்டுக்குட்டி 1 ரூபாய். நல்ல கோழியோ வாத்தோ ஆறும் 1 ரூபாய். ரொட்டி 12 பவுண்டு 1 ரூபாய். வெண்ணெய் 2 பவுண்டு 1 ரூபாய். அடுத்தாற்போல் பாலாடைக்கட்டிக்கு வருகிறாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் வரையில் அது ஒரு பவுண்டு 3 ரூபாய், 4 ரூபாய் என்று விற்றதாம். பிறகு ஒன்றரை ரூபாய்க்கு இறங்கிற்றாம். பிரெஞ்சு தேசத்துச் சிவப்பு ஒயின் ஒரு டஜன் புட்டி 60 ரூபாய்.

இதைக் கொஞ்சம் நம் பாஷையில் பெயர்த்துப் பாருங்கள். ஒரு பவுண்டு பாலாடைக்கட்டி என்பது சில மாதங்களில் இரண்டு முழு ஆடுகள். ஒரு டஜன் ஒயின் என்பது முப்பது ஆடு கொண்ட ஒரு மந்தை. அவ்விடத்து மண்ணில் விளைந்தது எல்லாம் கொள்ளை மலிவு. தன் ஊர் ஞாபகம் மட்டும் யானை விலை. கல்கத்தாவில் இருந்த நிலைதான் சென்னையிலும். இரண்டு ஊருக்கும் சரக்குக் கொண்டுவந்தவை அதே கப்பல்கள்தாமே!

சரி, மலிவான சாமானையாவது மலிவாக வாங்கினார்களா? அதுவும் இல்லை. துரை மார்க்கெட்டுக்குப் போகிற வழக்கமே கிடையாது. துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று அர்த்தம். அந்த இரண்டு பாஷைக்கு நடுவில்தான் விலை ஏறியது. துபாஷுக்குக் கீழே பட்லர், பட்லருக்குக் கீழே சமையற்காரன், அவனுக்குக் கீழே எடுபிடி என்று வரிசை. கடைக்காரர் தரும் தஸ்தூரி ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, கடைசியில் துரைசாணியின் கணக்குப் புத்தகத்தில் போய் ஏறும். 1836-லிருந்து சில வருஷம் சென்னையிலும் ராஜமந்திரியிலும் வசித்த ஜூலியா மெயிட்லண்ட் என்ற சீமாட்டி தன் வீட்டில் வேலைக்காரர்கள் இருபத்தேழு பேர் என்று எண்ணிக் காட்டி, இதுவே குறைச்சல் என்று எல்லோரும் சொல்வதாக எழுதியிருக்கிறாள்.

பட்லர் ஏய்க்கிறான் என்ற புலம்பல் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எழுதிய கடிதங்களிலும் புத்தகங்களிலும் தவறாமல் வரும். ஏய்த்திருக்கலாம். ஆனால் பாஷை கற்காமல், தெருவில் இறங்காமல், கத்தரிக்காய் எந்த மாதத்தில் மலிவு என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவன் வாழ்ந்தால், அந்த அறியாமைக்கு அவன் தினந்தோறும் கப்பம் கட்டித்தான் ஆகவேண்டும். அதைத் திருட்டு என்று சொல்வதா, சம்பளம் என்று சொல்வதா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புலம்பலோடு நிற்கவில்லை. 1780-களில் சென்னைக் கவுன்சில் கமிட்டி போட்டு இறைச்சி முதலிய சாமான்களின் விலையையும் வேலைக்காரர் சம்பளத்தையும் நிர்ணயிக்க முயன்றது. கடைத்தெருவைக் கண்காணித்த அதிகாரிக்குக் கொத்தவால் என்று பெயர். அவர் பெயரைத் தாங்கிய கொத்தவால் சாவடி, 1996-ல் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போகிற வரையில் சென்னைக்குச் சோறு போட்டது. விலை ஏறினால் அரசாங்கம் தலையிட வேண்டும் என்பதில் அந்தக் காலத்துத் துரைகளுக்குச் சந்தேகமே இருந்ததாகத் தெரியவில்லை. ஏறியது அவர்களுடைய மேஜைக்குப் போகிற சாமான் விலை அல்லவா?

எலிசா ஃபே சென்னையை விட்டுப் போன சில மாதத்துக்குள் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகச் சமவெளியில் இறங்கிற்று. வயல்கள் கருகின. கிராமங்கள் காலியாயின. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் சென்னையை நோக்கி ஓடிவந்தார்கள். 1782-ல் பஞ்சம் தலைவிரித்து ஆடிற்று. அப்போது வடசென்னையில் ஓர் இடத்தில் தொட்டியில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். மணியகாரர் ஒருவர் மேற்பார்த்ததால் அது மணியகாரர் சத்திரம் ஆயிற்று. பிறகு நோயாளிகளையும் பார்த்து, ஆஸ்பத்திரியாக வளர்ந்து, ஸ்டான்லி கவர்னரின் பெயரைத் தாங்கிற்று. ஆனால் வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் கிழவிகள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். தெற்கே ஐஸ் ஹவுஸ், வடக்கே கஞ்சித்தொட்டி. சென்னை தன் பசியின் இரண்டு பெயர்களையும் மறக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பஞ்சத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தது. நீராவிக் கப்பல் வந்தது. சூயஸ் கால்வாய் திறந்தது. சீமைக்குப் போகிற வழி சுருங்கிற்று. மவுண்ட் ரோட்டில் ஸ்பென்ஸர் கடை வந்தது. எல்லாம் தகர டப்பாவில் அடைபட்டு வர ஆரம்பித்தன. 1878-ல் சென்னையில் ஒரு சமையல் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதினார். ரசமான மனுஷர். வஞ்சிரமும் வவ்வாலும் துடிக்கத் துடிக்கக் கிடைக்கிற கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு, விருந்தாளிக்கு டப்பா மீனைத் திறந்து வைக்கிற துரைசாணிகளை அவர் கிண்டல் செய்கிறார். டப்பாவின் விலைக்கு மதிப்பே தவிர ருசிக்கு அல்ல என்பது அவர் கட்சி. பட்லரை 'ராமசாமி' என்று பொதுப் பெயரிட்டு அழைத்தாலும், சொல்லிக் கொடுத்தால் அவன் எதையும் செய்வான் என்று அவனுக்காகப் பரிந்து பேசுகிறார்.

நல்ல புத்தகம்தான். ஆனால் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 1878 என்ற வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. தாது வருஷப் பஞ்சத்தின் காலம் அது.

1876-ல் மழை பொய்த்தது. தானிய விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிற்று. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் சர்க்கார், அர்பத்நாட் கம்பெனி மூலமாக ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்கிச் சேர்த்தது. அதற்கு மேலிடத்தில் கண்டனம் கிடைத்தது. விலை என்பது வியாபாரிகளின் விஷயம், சர்க்கார் அதில் கை வைக்கக்கூடாது என்பது வைசிராய் லிட்டனின் கொள்கை. 1877 ஜனவரி முதல் தேதி அவர் டில்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்து பெரிய தர்பார் நடத்தினார். அதே மாதம் அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே வந்து, நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று வாதாடினார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்ந்தது.

கடற்கரையில் கப்பலிலிருந்து இறக்கிய தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன; சுற்றிலும் காவல். மணலில் சிந்திய மணிகளைப் பொறுக்க எலும்பும் தோலுமாகக் கூட்டம் காத்திருந்தது. அப்போது சென்னையில் பத்திரிகாசிரியராக இருந்த வில்லியம் டிக்பி என்ற ஆங்கிலேயர் இந்தப் பஞ்சத்தை இரண்டு பெரிய பாகங்களாக எழுதி வைத்துப் போயிருக்கிறார். தென்னாட்டிலும் மேற்குப் பகுதியிலும் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையமாட்டார்கள்.

ஐம்பது லட்சம் பேரைப் பாலாடைக்கட்டி கொல்லவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தூரதேசத்தில் இருப்பவன் தன் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்குவது குற்றமல்ல. சென்னையிலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போன அதே துரைகள் அங்கே மிளகுத்தண்ணீருக்கு ஏங்கினார்கள். 'முல்லிகடானி' என்று அதன் பெயரைக் கடித்துக் குதறினாலும் விடாமல் குடித்தார்கள். 1810-ல் தீன் முகம்மது என்பவர் லண்டனில் இவர்களுக்காகவே ஒரு ஹிந்துஸ்தானிச் சாப்பாட்டு விடுதி திறந்து, இரண்டு வருஷத்தில் திவாலானார். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? வெளிநாட்டிலிருக்கும் என் தங்கை மகன் தொலைபேசியில், "மாமா, இங்கே முருங்கைக்காய் விக்கிற விலையைச் சொன்னா நீங்க திட்டுவீங்க" என்றான். "வாங்கினாயா?" என்று கேட்டேன். "வாங்காமல் என்ன, மாமா" என்று சிரித்தான்.

ஆகவே அந்த ஏக்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தன் வீட்டு இறைச்சி விலை ஏறினபோது கமிட்டி போட்டவர்களின் வழிவந்தவர்கள், ஊரார் வீட்டு அரிசி விலை ஏறினபோது, விலையைத் தொடுவது பாவம் என்று சாஸ்திரம் படித்தார்களே, அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவர்களிலும் ஒரு கார்னிஷ் இருந்தார், ஒரு டிக்பி இருந்தார். லண்டன் மேயர் திறந்த நிதிக்குச் சாதாரண ஆங்கிலேயர் பலர் பணம் அனுப்பினார்கள். அதையும் நாம் மறக்கக்கூடாது.

அடுத்த தடவை ஐஸ் ஹவுஸ் பக்கம் போனால், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத் திருவல்லிக்கேணியை நோக்கி நடந்து பாருங்கள். தலைக்கு மேல் பறக்கும் ரயில் ஓடும். அதற்குக் கீழே கறுப்பாக ஒரு வாய்க்கால் தேங்கிக் கிடக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடத் தோன்றும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அந்தப் பகுதிப் பக்கிங்ஹாம் கால்வாயை, 1877, 78-ல் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஜனங்கள் நிவாரணக் கூலிக்குத் தோண்டினார்கள். அமெரிக்க ஏரியின் பனிக்கட்டிக்காகக் கட்டிய மாளிகையின் கொல்லைப்புறத்தில்தான் மண்வெட்டியோடு நின்றிருக்கிறார்கள்.

மாளிகைக்கு இரண்டு பெயர் இருக்கிறது. வாய்க்காலுக்குக் கவர்னரின் பெயர் இருக்கிறது. தோண்டினவர்கள் பெயர் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.