சிக்கனத்தில் பிறந்த வேகம்: மினி கூப்பரின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் தோன்றிய சிறிய கார்களுள், விரைந்து ஓட்டும் இன்பத்தை நடுத்தர வருவாயினருக்கும் எட்டச் செய்ததில் பிரிட்டனின் மினி கூப்பருக்குத் தனியிடம் உண்டு. இந்த வண்டியின் வேகத் திறன் வேகத்தை நாடியவர்களின் திட்டத்திலிருந்து பிறக்கவில்லை. எரிபொருள் பஞ்சத்தின்போது இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்த எடுக்கப்பட்ட முடிவுகளிலிருந்தே அது விளைந்தது. அந்த முடிவுகளே வண்டியைப் பேணும் பொறுப்பில் பெரும்பங்கை உரிமையாளரின் தோளில் ஏற்றின என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இவ்வரலாறு முழுமை பெறும்.

1956 ஜூலையில் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும், அதைத் தொடர்ந்த போரில் கால்வாய் அடைபட்டதும், பிரிட்டனில் அவ்வாண்டு டிசம்பர் முதல் மறு ஆண்டு மே வரை பெட்ரோலைப் பங்கீட்டு முறையில் வழங்கும் நிலையை ஏற்படுத்தின. ஜெர்மனியில் தயாரான, குமிழி போன்ற மிகச்சிறிய வண்டிகள் சாலைகளில் பெருகத் தொடங்கியதைக் கண்ட பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லார்ட், நால்வர் அமரக்கூடிய முறையான சிறு காரை விரைவில் உருவாக்குமாறு பொறியாளர் அலெக் இசிகோனிஸிடம் பணித்தார். நிறுவனம் ஏற்கெனவே தயாரித்துவந்த எஞ்சின்களுள் ஒன்றையே பயன்படுத்த வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1906இல் ஸ்மிர்னா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்து 1922இன் போர்க்காலத்தில் அந்நகரை விட்டு வெளியேறிய இசிகோனிஸ், 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனர் காரை வடிவமைத்ததன் மூலம் முன்பே புகழ்பெற்றிருந்தவர்.

பத்து அடி நீளமே கொண்ட வண்டியில் பெரும்பகுதியைப் பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் ஒதுக்க வேண்டியிருந்ததால், அவர் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர்பெட்டியை எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்குள்ளேயே அடக்கி, இரண்டுக்கும் ஒரே ஆயில் பாயும்படி அமைத்தார். முன்சக்கரங்களையே இயங்கு சக்கரங்களாக்கினார். சுருள்வில்லுக்கு மாற்றாக அலெக்ஸ் மோல்டன் வகுத்த ரப்பர் கூம்புகள் அதிர்வைத் தாங்கின; டன்லப் நிறுவனம் டயர் செய்தளித்த பத்து அங்குலச் சக்கரங்கள் வண்டியின் நான்கு மூலைகளிலும் பொருத்தப்பட்டன. இவை யாவும் இடத்தை மிச்சப்படுத்தச் செய்யப்பட்டவையே என்றாலும், எடையின் பெரும்பகுதி இயங்கு சக்கரங்களின் மேல் அமைந்ததாலும், சக்கரங்கள் உடலின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டதாலும், ரப்பர் கூம்புகள் அதிகம் அமுங்காததாலும், வளைவுகளில் சாயாமல் தரையைப் பற்றிக்கொண்டு திரும்பும் தன்மை வண்டிக்கு வாய்த்தது. 1959 ஆகஸ்ட் 26 அன்று ஆஸ்டின் செவன், மோரிஸ் மினி மைனர் என்னும் இரு பெயர்களில், ஏறத்தாழ 497 பவுண்டு விலையில் அது அறிமுகமானபோது, அதன் 848 சி.சி. எஞ்சின் தந்த ஆற்றல் 34 குதிரைத்திறன் மட்டுமே.

அந்த உடலுக்குள் மறைந்திருந்த வாய்ப்பை அடையாளம் கண்டவர், இசிகோனிஸின் நண்பரும் லண்டனை அடுத்த சர்பிட்டனில் பந்தயக் கார்களைக் கட்டிவந்தவருமான ஜான் கூப்பர். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த அவருடைய கார்கள் 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டங்களை வென்றிருந்தன. மினி மக்களுக்கான எளிய ஊர்தியாகவே இருக்க வேண்டும் என்று கருதிய இசிகோனிஸ் தயங்கியபோதும், நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த ஜார்ஜ் ஹாரிமன் ஆயிரம் வண்டிகள் தயாரிக்க ஒப்புதல் தந்தார். தொழிற்சாலைக் கார்களுக்கான பந்தயப் பிரிவில் இடம்பெறக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வண்டிகள் தயாராகியிருக்க வேண்டும் என்ற விதியை நிறைவுசெய்ய அவ்வளவு போதும் என்பதே அந்தக் கணக்கு; வண்டி ஒன்றுக்கு இரண்டு பவுண்டு கூப்பருக்கு உரிமைத்தொகையாக வகுக்கப்பட்டது.

1961 செப்டம்பரில் வெளிவந்த மினி கூப்பரில், பிஸ்டனின் வீச்சைக் கூட்டி 997 சி.சி. ஆக்கப்பட்ட எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் இரட்டை எஸ்.யு. கார்பரேட்டர்களின் துணையோடு 55 குதிரைத்திறனைத் தந்தது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், அதாவது சுழலும் வட்டத்தகட்டை இருபுறமும் கவ்விப் பிடித்து நிறுத்தும் பிரேக், இடம்பெற்றது. ஆயினும் பத்து அங்குலச் சக்கரத்தினுள் ஏழு அங்குலத் தகடே பொருத்தப்பட்டதால், அதன் நிறுத்தும் வலு போதவில்லை. 1963இல் வந்த கூப்பர் எஸ் வகையில் தகடு பெரிதாக்கப்பட்டு, மிதியின் அழுத்தத்தைப் பெருக்கும் கருவியும் சேர்க்கப்பட்டது; 1071 சி.சி. எஞ்சினின் கிராங்க் தண்டு, மேற்பரப்பில் நைட்ரஜனை ஏற்றி எஃகை இறுக்கும் நைட்ரைடிங் முறையில் உறுதியாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 1275 சி.சி. வகை 76 குதிரைத்திறனை எட்டியது.

இந்த வண்டியை உலகறியச் செய்தது மான்டி கார்லோ ராலி. ராலி என்பது வட்டப்பாதையில் சுற்றாமல், பொதுச்சாலைகளில் பல நாள் ஓடி, இடையிடையே காலம் கணிக்கப்படும் கட்டங்களைக் கடக்கும் போட்டி. 1962இல் பேட் மாஸ் என்னும் பெண் ஓட்டுநர் நெதர்லாந்தின் டியூலிப் ராலியில் மினி கூப்பருக்கு முதல் பெரிய பன்னாட்டு வெற்றியைத் தேடித்தந்தார். மான்டி கார்லோவில் 1964இல் பேடி ஹாப்கிர்க்கும், கடும் பனிப்பொழிவு நிலவிய 1965இல் டிமோ மேக்கினெனும், 1967இல் ரவுனோ ஆல்டோனெனும் வென்றனர். இடையில் 1966இல் மினிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தும், முகப்பு விளக்குகள் விதிக்கு ஒத்துவரவில்லை என்று நீக்கப்பட, சிட்ரோயன் வண்டிக்கு வெற்றி அறிவிக்கப்பட்டது. விளக்கின் அமைப்பைக் கொண்டு பறிக்கப்பட்ட அந்த வெற்றி, பிரிட்டிஷ் மக்களிடையே வண்டியின் மதிப்பை மேலும் உயர்த்தவே செய்தது.

முன்சக்கர இயக்கம் ஓட்டும் கலையிலும் புதிய பழக்கங்களைக் கற்பித்தது. வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டியின் மூக்கு வெளிப்புறம் விலகும். காலை எடுத்தால் அது உட்புறமாக மடங்கித் திரும்பும். இந்த இயல்பை நுட்பமாகக் கையாள, ஃபின்லாந்து ஓட்டுநர்களான மேக்கினெனும் ஆல்டோனெனும் வலக்காலால் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே இடக்காலால் பிரேக்கைத் தொட்டு, பின்புறத்தைச் சறுக்கவிட்டுத் திருப்பும் முறையைத் தேர்ந்து பயன்படுத்தினர். நேரடியாகச் செயல்படும் ஸ்டியரிங்கும் ஏறக்குறைய 635 கிலோ எடையும் கொண்ட வண்டியில், மிதமான வேகத்திலேயே சாலையின் ஒவ்வொரு அசைவையும் சாதாரண ஓட்டுநரும் உணர முடிந்தது.

ஆனால் இந்த இன்பத்துக்கு ஈடாகத் தொடர்ந்த உழைப்பை வண்டி கேட்டது. எஞ்சினின் ஆயிலே கியர்ப் பற்களுக்கிடையிலும் அரைபட்டதால் அது விரைவில் நீர்த்துப்போனது; ஆகவே மூவாயிரம் மைலுக்கு, அதாவது சுமார் 4,800 கிலோமீட்டருக்கு, ஒருமுறை ஆயிலை மாற்றுவது உரிமையாளர்களின் மாறா விதியாயிற்று. ஆயில் வடிக்கும் காந்த அடைப்பானில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்களைப் பார்த்தே கியர்பெட்டியின் தேய்மானத்தைக் கணித்தார்கள். இரட்டைக் கார்பரேட்டர்கள் சம அளவில் காற்றை இழுக்கின்றனவா என்பதை, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்பரேட்டரின் வாயிலும் வைத்து, சீற்றத்தின் ஒலியை ஒப்பிட்டு அறிந்தார்கள். பின்சக்கரங்களைத் தாங்கும் கைகளுக்குக் கிரீஸ் அடிக்கத் தவறினால் தாங்கிகள் தேய்ந்து சக்கரம் உட்புறம் சாயும். மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிராதியின் பின்னாலேயே அமைந்திருந்ததால், மழையில் எஞ்சின் நின்றுபோவது வழக்கமாக இருந்தது. சமையலறை ரப்பர் கையுறையின் விரல்நுனிகளை வெட்டி, அவற்றின் வழியே கம்பிகளை நுழைத்து மூடுவது உரிமையாளர்கள் கண்டறிந்த எளிய மாற்று. எல்லாவற்றினும் கொடிய பகை துரு. கதவுக்கு அடியிலுள்ள பட்டைகளும், பின்சக்கரங்களைச் சுமக்கும் சப்ஃபிரேம் என்னும் துணைச்சட்டமும் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் அரிக்கப்பட்டன. பிரிட்டனில் 1960இல் தொடங்கிய ஆண்டுத் தகுதிச் சோதனை 1967 முதல் மூன்று வயதான வண்டிகளுக்கும் பொருந்தியது; உடல் அமைப்பின் நிலையும் 1977இல் அச்சோதனையில் சேர்க்கப்பட்டபோது, துருவைக் கவனிப்பது விருப்பத்தைச் சார்ந்ததாக இல்லாமல் சட்டக் கடமையாயிற்று.

பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் இடத்தில் 1968இல் உருவான பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் கூப்பருடனான ஒப்பந்தத்தை நீட்டிக்க விரும்பாததால், 1971இல் பிரிட்டனில் கூப்பர் எஸ் தயாரிப்பு நின்றது. இத்தாலியின் இன்னொசென்டி நிறுவனம் மட்டும் சில ஆண்டுகள் அப்பெயரைத் தொடர்ந்தது. அதற்குள் சிறிய வண்டிக்குள் வலுவான எஞ்சின் என்ற எண்ணம் ஐரோப்பா முழுவதும் வேரூன்றியிருந்தது. 1976இல் விற்பனைக்கு வந்த ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 110 குதிரைத்திறனோடு அதே வழியில் முன்னேறியது. 1990இல் பிரிட்டிஷ் லேலண்டின் வழிவந்த ரோவர் நிறுவனம் மினி கூப்பரை மீண்டும் கொண்டுவந்தது. 2000 அக்டோபர் 4 அன்று லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்து வெளிவந்த கடைசிப் பழைய மினியும் ஒரு கூப்பரே. மறு ஆண்டு முதல் பி.எம்.டபிள்யூ அப்பெயரில் வேறொரு வண்டியைத் தயாரித்து வருகிறது.

பழைய மினி வகை முழுவதிலும் ஐம்பத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராயின. அவற்றுள் பல இன்றும் ஓடுவதற்குத் தயாரிப்பாளரின் திறமை மட்டும் காரணமன்று. எளிய கருவிகளைக் கொண்டே பிரித்துக் கோர்க்கக்கூடிய அமைப்பும், அதைக் கற்றுக்கொள்ள முன்வந்த உரிமையாளர்களின் பொறுமையும், விட்னி நகரில் மூல அச்சுகளைக் கொண்டு புதிய உடற்கூடுகளை உருவாக்கியளிக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் போன்ற நிறுவனங்களுமே அவற்றைக் காத்து நிற்கின்றன. தன் கையால் பழுதுபார்க்க இயலும் வண்டியே ஒருவருக்கு முழு உடைமையாகிறது என்பதே மினி கூப்பரின் வரலாறு உறுதிப்படுத்தும் முடிவு; இனிவரும் கார்களை வடிவமைப்போர் அந்த உரிமையை வாங்குபவரிடமிருந்து பறிக்காமல் இருப்பது, இந்தச் சிறு வண்டிக்குச் செய்யும் தகுந்த மரியாதையாகும்.