ஒரு கண்ணோடு சொன்ன நன்றி: திருத்துருத்திப் பதிகம் குறித்து

மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலமே தேவாரத்தின் திருத்துருத்தி. (அருவிக் குற்றாலத்தோடு இதைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு.) காவிரியின் தென்கரையிலுள்ள இவ்வூரையும் எதிர்க்கரைத் திருவேள்விக்குடியையும் சேர்த்துச் சுந்தரர் பாடியது ஏழாம் திருமுறையின் 74ஆம் பதிகம். தன் உடம்பை வருத்திய பிணியைத் தீர்த்தவனை மறப்பது எப்படி என்று அது பாட்டுக்குப் பாட்டு கேட்கிறது. இது நன்றிப் பாடல் என்பதில் ஐயமில்லை. எந்த நிலையில் நின்று சொன்ன நன்றி என்பதை உரைகாரர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

பெரியபுராணத்தின் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் சேக்கிழார் தரும் வரிசை இது. பிரியேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியதும் சுந்தரருக்கு இரு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் இடக்கண் வந்தது. திருத்துருத்திக் குளத்தில் மூழ்கி எழுந்தபோது மேனியைப் பற்றிய நோய் போயிற்று. வலக்கண் வந்ததோ அதற்கும் பிறகு, திருவாரூரில்.

இவ்வரிசை சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அமைத்தது, அதைப் பதிகத்தின் மேல் ஏற்றலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்து ஊரான திருவாவடுதுறையில் சுந்தரர் பாடிய பதிகத்திலேயே கண்ணின்மையும் உடற்பிணியும் ஒருசேர வருகின்றன. இரண்டு குறைகளில் ஒன்று தீர்ந்ததற்கே திருத்துருத்தியில் நன்றி சொல்லப்படுகிறது.

அந்த நன்றி மீதிக் குறையை மூடிவிடவில்லை. வள்ளுவர், செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில், கொன்றாற்போன்ற தீங்கைச் செய்தவரும் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அத்தீங்கு மறைந்துபோகும் என்கிறார். சுந்தரர் அப்படி எதையும் மறையவிடுவதில்லை. குத்தாலத்தில் கைகூப்பியவர், திருவாரூர் போனதும், அடியார் இப்படித் துன்பப்படும்போது நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று இறைவனையே ஏசுகிறார் (பதிகம் 95). நன்றியும் வழக்கும் ஒரே கணக்கேட்டில் வரவும் பாக்கியுமாக நிற்கின்றன.

பதிகத்தில் வரும் காவிரியும் இதற்கு ஒத்தே ஓடுகிறது. சந்தனம், அகில், மிளகு, வாழை, யானைக் கொம்பு எல்லாம் கொண்டுவரும் ஆறு, வரும் வழியில் மருதத்தையும் கோங்கையும் மோதிக் கரையையும் இடிக்கிறது. நோய் தீர்ந்தவர் பாடும் ஆறு சாந்தமாக ஓடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பாட்டில் இருப்பது வெள்ளம்.

2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு நன்றிக்குரியவற்றை எழுதியது; இன்னொரு குழு தொல்லைகளை எழுதியது. முதற்குழுவே மனநலத்தில் மேலாக இருந்தது என்பது முடிவு. இன்றைய நன்றிப் பயிற்சி நூல்கள் பலவும் இதை மேற்கோள் காட்டுகின்றன. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதினால் என்னாகும் என்பது அந்தப் பிரிப்பில் விடுபட்டுப்போகிறது. சுந்தரர் அந்த விடுபட்ட ஆள்.

குத்தாலத்து வயல்களில் அப்படிப்பட்டவர்கள் இன்றும் உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. போர்செட் உள்ளவர் குறுவை போட்டார். இல்லாதவர் சம்பாவுக்குக் காத்திருந்தார். ஆறு மணலாய்க் கிடந்த ஆண்டுகளிலும் ஆடிப் பதினெட்டன்று டெல்டாப் பெண்கள் அடிகுழாய்த் தண்ணீரை முன்வைத்துக் காப்பரிசியும் காதோலை கருகமணியும் படைத்தார்கள். தராத ஆற்றுக்கு எதற்கு நன்றி? முன்பு தந்ததற்கு என்பது ஒரு பதில். இனியும் தரவேண்டியது பாக்கி இருக்கிறது என்று நினைவூட்டுவதற்கு என்பதும் ஒரு பதில். எனக்கு இரண்டாவதே பொருந்துகிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லி டெல்டா விவசாயிகள் மறியலில் உட்கார்ந்தார்கள். ஆடிப்பெருக்கை விதிக்குப் பணிந்த சடங்கு என்று எழுதுவோர், படையல் போட்ட வீட்டுக்காரர்கள்தான் மறியலுக்கும் போனார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.