கல்யாண அறையில் மெடியா

கணவன் இன்னொருத்தியைக் கட்டப்போகிறான் என்று தெரிந்ததும் தான் பெற்ற பிள்ளைகளையே கொன்றவள் மெடியா. கி.மு. 431இல் யூரிப்பிடிஸ் அவளை ஏதென்ஸ் மேடையில் ஏற்றியதிலிருந்து, அவள் பெயரைச் சொன்னாலே அந்தக் கொலைதான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்டவளைப் புதுமணத் தம்பதியின் அறைச் சுவரில் யாராவது வரைந்து வைப்பார்களா? 1487இல் ஃபுளோரன்ஸில் வைத்தார்கள்.

மாப்பிள்ளை லொரென்ஸோ தோர்னபுவோனி. அப்பா ஜொவான்னி, மெடிச்சி வங்கியின் ரோம் கிளையை நடத்தியவர்; மெடிச்சிகளுக்கு நெருங்கிய சொந்தம். பெண் ஜொவான்னா, அல்பிட்ஸி குடும்பம். 1433இல் கோசிமோ மெடிச்சியை ஊரைவிட்டே துரத்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் ரினால்டோ அல்பிட்ஸி. ஆக, பழைய பகையாளி வீட்டுப் பெண். 1486 ஜூனில் கல்யாணம் நடந்தது. ஊரே திரண்டு பார்த்த கல்யாணம்.

அந்தக் காலத்து ஃபுளோரன்ஸ் கல்யாணத்தில் கஸ்ஸோனே என்ற மரப்பெட்டிக்குத் தனி இடம் உண்டு. சீர் துணிமணிகள் வைக்கிற பெரிய பெட்டி. பெரும்பாலும் ஜோடியாகச் செய்வார்கள். பெண்ணோடு சேர்த்து அதையும் தெருவழியே ஊர்வலமாகப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதன் முன்பலகையில் பழங்கதைகளை வரைந்திருப்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஓவியங்கள் மெல்ல மெல்லப் பெட்டியிலிருந்து சுவருக்கு ஏறின. பெஞ்சுக்கும் கட்டிலுக்கும் மேலே, தோள் உயரத்தில், மரச்சட்டத்தோடு பதித்தார்கள். பெயரே ஸ்பல்லியெரா, தோளைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நீளமான, உயரம் குறைந்த பலகை. அதில் ஒரே நாயகன் இரண்டு மூன்று இடங்களில் வருவான். ஒரு சம்பவம் முடிந்ததும் பக்கத்திலேயே அடுத்தது தொடங்கிவிடும். அறையில் இருப்பவர்கள் நிதானமாக, நாள்கணக்கில் படிக்கலாம். சிறந்த ஓவியர்கள்கூட அந்நாளில் வெட்கப்படாமல் இந்த வேலையைச் செய்தார்கள் என்று பதினாறாம் நூற்றாண்டில் வசாரி எழுதினார். தன் காலத்து ஓவியர்களுக்கு அவர் வைத்த சின்னக் குத்து அது.

லொரென்ஸோவின் அறைக்கு ஜேசன் கதையை வரைந்தவர்கள் மூவர்: பியாஜியோ தந்தோனியோ, பர்த்தொலொமேயோ தி ஜொவான்னி, பியேத்ரோ தெல் தொன்ஸெல்லோ. தங்கத் தோலைத் தேடி ஆர்கோ கப்பலில் வீரர்கள் புறப்படுகிறார்கள். கொல்கிஸ் தேசத்துக்கு வருகிறார்கள். அந்நாட்டு இளவரசி மெடியாவுக்கும் ஜேசனுக்கும் நிச்சயம் நடக்கிறது. இந்தக் கடைசிக் காட்சி பியாஜியோ வரைந்தது, இப்போது பாரிஸில் இருக்கிறது. தூண்கள் நிற்கும் பெரிய மண்டபத்தில் இருவரும் கைகோக்கிறார்கள். மிஞ்சியிருக்கும் எந்தப் பலகையிலும் பிள்ளைக் கொலை இல்லை.

முடிவு தெரியாமலா நிறுத்தினார்கள்? இல்லை. ஓவிட் அதைச் சொல்லியிருக்கிறார்; படித்த வீட்டில் ஓவிட் இல்லாமல் இருக்காது. ஃபுளோரன்ஸின் சொந்தக் கவிஞன் தாந்தேயோ ஜேசனை நரகத்தில், பெண்களை ஏமாற்றியவர்கள் கூட்டத்தில் நடக்கவிட்டான். கொம்பு வைத்த பிசாசுகள் சாட்டையால் விரட்டுகிற இடம் அது. ஆக, தங்கள் கவிஞன் நரகத்துக்கு அனுப்பிய ஒருவனைத்தான் இவர்கள் மாப்பிள்ளை அறையில் நாயகனாக்கினார்கள்.

கதையை எங்கே வெட்டுகிறோமோ அங்கே அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. நிச்சயத்தோடு நிறுத்தினால் ஜேசன் துரோகி இல்லை, கடல் தாண்டி வந்த வீரன். மெடியா கொலைகாரி இல்லை. புருஷனுக்காக அப்பனையும் பிறந்த மண்ணையும் விட்டுவந்தவள். பகை வீட்டிலிருந்து வந்த மருமகளிடம் புகுந்த வீடு வேறென்ன எதிர்பார்க்கும்? எனக்கென்னவோ அந்தப் பலகைகள் ஜொவான்னாவுக்கு இட்ட உத்தரவு மாதிரிதான் தெரிகின்றன. ஆனால் அவளும் கதை தெரிந்த ஊரில் வளர்ந்தவள்தான். அப்பனை விட்டுவந்தவளுக்கு அப்புறம் என்ன நடந்தது என்பதை எந்தச் சட்டத்தாலும் மறைக்க முடியாது.

அவளுக்கு நடந்தது வேறு. 1487 அக்டோபரில் ஆண்பிள்ளை பிறந்தது. மறு வருஷம் அக்டோபரில், இரண்டாவது கர்ப்பத்தின்போது இறந்துபோனாள். இருபது வயதுகூட ஆகவில்லை. கிர்லாந்தாயோ வரைந்த அவளுடைய பக்கவாட்டு முகம், 1488 என்ற தேதியோடு, இன்று மாட்ரிட்டில் இருக்கிறது. லொரென்ஸோ மறுமணம் செய்துகொண்டான். நாடு கடத்தப்பட்ட மெடிச்சிகளைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்தான் என்று 1497இல் அவன் தலையை வெட்டினார்கள். அடுத்து அரண்மனைச் சாமான்களைக் கணக்கெடுத்தபோது ஜேசன் கதை அவன் அறையில் அப்படியே இருந்தது. செத்துப்போன முதல் மனைவியின் படமும் அந்த வீட்டைவிட்டுப் போயிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாபாரிகள் இப்படிப்பட்ட பெட்டிகளையும் சுவர்ப்பலகைகளையும் பிரித்து, ஓவியமாக்கித் தனித்தனியாக விற்றார்கள். இன்று அவை அருங்காட்சியகச் சுவரில், கண்மட்டத்தில், சட்டமிட்டுத் தொங்குகின்றன. நீளமும் குட்டையுமான ஒரு பழைய இத்தாலியப் படத்தைப் பார்க்க நேர்ந்தால் ஓவியர் பெயரோடு நகர்ந்துவிடாதீர்கள். இது யார் வீட்டு அறையில் இருந்தது, இதைப் பார்த்தபடி படுத்திருந்தவள் யார், கதையை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள்.