தறப்பாள் கொட்டில்: இரண்டு கப்பு, கொஞ்சம் கயிறு, மூன்று முடிச்சு

2009இல் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எங்கள் சனம் தறப்பாளின் கீழ் இருந்தது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அன்று தாயின் மடியில் இருந்த பிள்ளைகள் இன்று இளைஞர்கள். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்தது போல, ஒவ்வொரு மாரியும் இந்தக் கைவேலையைக் கேட்கக்கூடும். அவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இடம்

வெள்ளம் வழிந்தோடும் மேட்டு நிலம் நல்லது. தென்னைக்குக் கீழும் பட்ட மரத்துக்குக் கீழும் வேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத காணியில் கிடங்கு வெட்டவோ முளை அடிக்கவோ கூடாது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வாசல் தென்மேற்கைப் பார்க்கட்டும்.

அளவு

நிவாரணமாகக் கிடைக்கும் தறப்பாள் பெரும்பாலும் 4 மீற்றர் அகலம், 5 மீற்றர் நீளம். 2 மீற்றர் உயரக் கப்பு இரண்டை அரை மீற்றர் ஆழத்தில் நட்டு, மேலே வளை கட்டி, தறப்பாளை நடுவால் போடுங்கள். இரு பக்கமும் நிலத்தைத் தொடும். உள்ளே ஏறத்தாழ 2.6 மீற்றர் அகலம் கிடைக்கும். ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் என்ற சர்வதேச அளவுப்படி இது மூன்று பேருக்குப் போதும். வளைத்தடி இல்லாவிட்டால் கயிற்றை இழுத்துக் கட்டலாம். அப்போது இரு கப்பின் தலையிலிருந்தும் வெளிப்புறமாக இழுவைக் கயிறு அவசியம்.

முடிச்சுகள்

கப்பில்: கயிற்றை ஒருமுறை சுற்றி, அதன் மேலால் குறுக்கே கொண்டுபோய் இன்னொரு முறை சுற்றி, நுனியை அந்தக் குறுக்குக்குக் கீழால் இழுத்து இறுக்குங்கள்.

இறுகாத வளையத்துக்கு: கயிற்றில் சிறு கண் ஒன்று போட்டு, நுனியைக் கீழிருந்து கண்ணுக்குள் எடுத்து, நெடுங்கயிற்றின் பின்னால் சுற்றி, திரும்பக் கண்ணுக்குள் இறக்குங்கள். எவ்வளவு இழுபட்டாலும் வளையம் சுருங்காது. பிறகு அவிழ்ப்பதும் சுலபம்.

முளையில்: முளையைச் சுற்றிவந்த நுனியை நெடுங்கயிற்றில் முளைப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகளுக்கு மேலே ஒரு சுற்றுப் போட்டுச் செருகுங்கள். கயிறு தளர்ந்தால் முடிச்சை நகர்த்தி இறுக்கலாம். நைலோன் கயிறு வழுக்கும். ஒரு சுற்றுக் கூடப் போடுங்கள்.

தறப்பாளின் கண் கிழிந்திருந்தால், மூலையில் ஒரு உருண்டைக் கல்லை வைத்து மடித்து, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள்.

முளையும் வாய்க்காலும்

முளையின் தலை கொட்டிலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கடற்கரை மணலில் முளை நிற்காது; மண் நிரப்பிய உரப்பையில் கயிற்றைக் கட்டிப் புதையுங்கள். தறப்பாள் விளிம்புக்கு வெளியே ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, பள்ளத்தை நோக்கி நீரை விடுங்கள். உள்ளே அடுப்பு மூட்ட வேண்டாம்.

இந்தக் கொட்டில் மழைக்கானது, புயலுக்கு நிற்காது. எச்சரிக்கை வந்தால் பாடசாலை போன்ற கற்கட்டடத்துக்குப் போய்விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.