பொம்மை முயலும் ஓடி ஓய்ந்த நாய்களும்



மான்செஸ்டரில் வசிக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினாள். சோபாவில் கால் நீட்டித் தூங்கும் ஒரு நாய். நம் சிப்பிப்பாறை நாய் போலவே ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, மெலிந்த கால். "டீச்சர், இவன் ரிட்டயர் ஆன பந்தய நாய். தத்து எடுத்திருக்கோம். வயசு நாலு. காதுக்குள்ள நம்பர் பச்சை குத்தியிருக்கு பாருங்க" என்று எழுதியிருந்தாள்.

நான் 58 வயதில் ஓய்வு பெற்றேன். நாலு வயதில் ஓய்வா என்று யோசித்தபடி இந்தப் பந்தயத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிராமல் இருக்க முடியவில்லை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது முயல் வேட்டையாக இருந்தது. இங்கிலாந்தில் உயிருள்ள முயலை ஓடவிட்டு, இரண்டு கிரேஹவுண்ட் நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். முயலை எந்த நாய் நன்றாக விரட்டித் திருப்புகிறது என்று பார்த்து நடுவர் புள்ளி கொடுப்பார். 1836-இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பைதான் இதில் பெரிய போட்டி. 2005-இல் சட்டத் தடை வரும்வரை அது நடந்தது.

1876-இல் லண்டன் அருகே ஹெண்டனில் ஒரு புதுமை செய்து பார்த்தார்கள். 400 கஜ நேர்ப்பாதையில் ஒரு பொம்மை முயலை இழுத்துவிட்டு, ஆறு நாய்களை ஓடவிட்டார்கள். நேர்ப்பாதையில் வேகமான நாய்தான் ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். சுவாரசியம் இல்லை, மக்கள் மறந்துவிட்டார்கள்.

அடுத்த முயற்சி அமெரிக்காவில் நடந்தது. ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் இத்தகைய முயல் வேட்டைப் போட்டிகளோடு தொடர்புடையவர். முயல்கள் கிழிபட்டுச் சாவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். பல வருடம் பாடுபட்டு, வட்டப் பாதையில் மின்சாரத்தால் ஓடும் இயந்திர முயலை உருவாக்கினார். 1919-இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் அந்த முயலோடு முதல் பந்தய மைதானம் திறந்தது. முயல் பிழைத்தது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அங்கிருந்து இந்த விளையாட்டு இங்கிலாந்துக்குப் போனது. 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டர் பெல் வ்யூவில் முதல் பந்தயம். வந்தவர்கள் சுமார் 1,700 பேர். ஜெயித்த நாயின் பெயர் மிஸ்ட்லி. கூட்டம் சீக்கிரமே பல்லாயிரமாகப் பெருகியது. காரணம் எளிது. குதிரைப் பந்தயம் பகலில், ஊருக்கு வெளியே நடக்கும், தொழிலாளி போக முடியாது. நாய்ப் பந்தயமோ ஊருக்குள்ளேயே, வேலை முடிந்த மாலையில், விளக்கு வெளிச்சத்தில். அதோடு, மைதானத்துக்கு வெளியே ரொக்கப் பணம் கட்டுவது அன்று சட்டவிரோதம். மைதானத்துக்குள் கட்டலாம்! அடுத்த வருடமே லண்டன் ஒயிட் சிட்டியில் முதல் இங்கிலீஷ் டெர்பி, அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட், டப்ளின் மைதானங்கள் என்று பரவிவிட்டது.

அந்தக் காலத்து கதாநாயகன் மிக் த மில்லர். 1926-இல் அயர்லாந்தின் ஒரு கிராமத்தில், மார்ட்டின் பிராஃபி என்ற பாதிரியாரின் வளர்ப்பில் பிறந்த குட்டி. கூடப் பிறந்த குட்டிகளிலேயே மிகச் சிறியது, நோஞ்சான். பாதிரியாரிடம் எடுபிடி வேலை பார்த்த மிக் மில்லர் என்பவர் அதன்மேல் ஆசை வைத்து வளர்த்ததால் அவர் பெயரே நாய்க்கு வந்தது. நடுவில் டிஸ்டம்பர் காய்ச்சல் வந்து சாகப் பிழைத்தது. அந்த நாய்தான் 525 கஜத்தை முதன்முதலில் 30 விநாடிக்குள் ஓடியது. 1929, 1930 இரண்டு வருடமும் டெர்பியை வென்றது. 1931-இலும் முதலில்தான் வந்தது. ஆனால் ஓட்டத்தில் வேறொரு நாய் இடைஞ்சல் செய்ததால் பந்தயம் செல்லாது என்றார்கள், மறு ஓட்டத்தில் தோற்றது. சினிமாவில்கூட நடித்தது. 1939-இல் இறந்த பிறகு உடலைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

இந்தப் பந்தயத்தின் செல்வாக்குக்கு ஒரு சம்பவம் போதும். 1966-இல் உலகக் கோப்பைக் கால்பந்து இங்கிலாந்தில் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வெம்ப்ளியில் வழக்கமான நாய்ப் பந்தயம் இருந்தது. அதை ரத்து செய்ய மைதான உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அதனால் உருகுவே - பிரான்ஸ் ஆட்டம் ஒயிட் சிட்டிக்கு மாறியது!

ஆனால் அதற்குள் சரிவு தொடங்கிவிட்டது. 1961-இல் தெருவில் பந்தயக் கடைகள் சட்டப்படி வந்ததும் மைதானத்துக்குப் போக வேண்டிய தேவை குறைந்தது. ஒயிட் சிட்டி 1984-இலும், வால்தம்ஸ்டோ 2008-இலும், விம்பிள்டன் 2017-இலும் மூடின. முதல் பந்தயம் நடந்த பெல் வ்யூவில் 2020-இல் ஓட்டம் நின்றது.

இனி அந்த முயலுக்கு வருகிறேன். 2015-இல் ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி ரகசியமாக எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. பயிற்சியின்போது நாய்க்கு வெறி ஏற்ற, இயந்திர முயல் இருக்க வேண்டிய இடத்தில் உயிருள்ள பன்றிக்குட்டியையும் முயலையும் கட்டி ஓட்டியிருந்தார்கள். உயிரைக் காப்பாற்ற வந்த இயந்திரத்திலேயே உயிரைக் கட்டிவிட்டார்கள்.

அதை ஒட்டி நியூ சவுத் வேல்ஸில் அமைத்த விசாரணை ஆணையம் ஒரு கணக்கு சொன்னது. 12 ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் மட்டும், வேகம் போதவில்லை, பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று கொல்லப்பட்ட நாய்கள் குறைந்தது 48,891, அதிகபட்சம் 68,448. 2016 ஜூலையில் முதல்வர் மைக் பேர்ட் தடை அறிவித்தார். எதிர்ப்பு வந்ததும் அக்டோபரிலேயே பின்வாங்கினார்.

ஸ்மித் முயலைப் பற்றி யோசித்தார். தோற்கிற நாயைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஒரு பந்தயத்தில் ஆறு நாய் ஓடினால் ஐந்து தோற்கத்தானே வேண்டும்? அந்த ஐந்தும் எங்கே போகும்? பன்னிரண்டு வயது வரை வாழக்கூடிய நாய் நாலு வயதில் ஓய்ந்துவிட்டால் மீதி வாழ்க்கைக்கு யார் சோறு போடுவது?

நல்ல செய்தியும் உண்டு. 2018-இல் ஃப்ளோரிடா மக்கள் 69 சதவீதம் பேர் இந்தப் பந்தயத்தை நிறுத்தச் சொல்லி வாக்களித்தார்கள். 2020 கடைசியோடு அங்கே நின்றது. 2018-இல் மக்காவ் மைதானம் மூடியபோது கைவிடப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களுக்குப் பல நாடுகளில் வீடு தேடிக் கொடுத்தார்கள். நம் மாணவி வீட்டு சோபாவில் தூங்குபவனும் அப்படி ஒரு வீடு கிடைத்தவன்தான்.

இதை ஏன் எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு எடுத்த ஒரு வருடம், மறுநாள் அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. வாசிக்கத் திணறும் ஒரு பையனைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வீட்லயே இருடா" என்றேன். லீவு கிடைத்த சந்தோஷத்தில் "சரிங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே ஓடினான். ஆய்வில் என் வகுப்புக்கு நல்ல பெயர் கிடைத்தது. கூடப் பிறந்ததிலேயே நோஞ்சானான அந்த அயர்லாந்துக் குட்டியைப் பற்றிப் படித்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தம்பி, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்