உயிர்மீட்பு நெறிமுறைகளும் வடசென்னையும்

மூச்சோ இதயத் துடிப்போ நின்றுபோன ஒருவரை மீட்க எதை, எந்த வரிசையில், எவ்வளவு நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்று ஆய்வுச் சான்றுகளைக் கொண்டு வகுத்தவை உயிர்மீட்பு நெறிமுறைகள். 1992-இல் உருவான இல்கோர் என்ற பன்னாட்டுக் குழு சான்றுகளைத் திரட்டி எடைபோடுகிறது. அதை வைத்து அமெரிக்க இதயச் சங்கம், ஐரோப்பிய உயிர்மீட்பு மன்றம் போன்றவை தத்தம் நெறிமுறைகளை எழுதுகின்றன. இந்தியாவில் பெரியவர்களுக்கான நெறிமுறை 2017-இல் வெளியானது. பிரசவ அறைப் பணியாளர்களுக்குச் சிசு உயிர்மீட்பில் பயிற்சி தர மத்திய அரசு 2009-இல் நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தைத் தொடங்கியது.

இந்த நெறிமுறைகள் வடசென்னையில் அன்றாடம் சோதிக்கப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, 1880-இல் நிறுவப்பட்ட, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை. மற்றொன்று, ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் இன்றும் சிலர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளர், அவர்களின் பிள்ளைகள் என்று பலரும் அவசரத்துக்கு வந்துசேரும் இடங்கள் இவை.

வயதுக்கு ஒரு நெறிமுறை வேண்டியிருப்பதற்குக் காரணம், மரணம் வரும் வழி வேறாக இருப்பதுதான். பெரியவர்களில் பெரும்பாலும் முதலில் பழுதாவது இதயம். ரத்தத்தில் அப்போது ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். குழந்தைகளுக்கு முதலில் மூச்சு திணறும் அல்லது ரத்த ஓட்டம் குன்றும், இதயம் கடைசியில்தான் ஓயும். பிறந்த சிசுவின் நுரையீரலோ அதுவரை காற்றையே கண்டதில்லை. அதனால் அங்கே காற்றைச் செலுத்துவதுதான் முதல் சிகிச்சை.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்கச் சிறு உதவி தேவைப்படுகிறது. துடைத்து, கதகதப்பாக வைத்து, முதுகை மெல்லத் தேய்த்தாலே பல குழந்தைகள் அழுதுவிடும். தலைகீழாகப் பிடித்து முதுகில் அறைவது, குளிர்ந்த நீர் தெளிப்பது போன்ற பழைய வழக்கங்களுக்கு நெறிமுறையில் இடமில்லை. தேய்த்தும் மூச்சு வராவிட்டால் 60 வினாடிக்குள், முகமூடி பொருத்திக் கையால் அமுக்கும் ஆம்பு பையால் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். பொன் நிமிடம் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இதைத்தான். நெஞ்சு உயரவில்லை என்றால் பெரும்பாலும் முகமூடியின் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டிருக்கும். அல்லது கழுத்து மடங்கியிருக்கும். முகமூடியைத் திரும்பப் பொருத்தி, தலையைச் சற்றே நிமிர்த்தினால் அடுத்த அமுக்கில் அந்தச் சின்ன நெஞ்சு உயர்வது கண்ணுக்குத் தெரியும், துடிப்பும் ஏறும். முறையாகக் காற்று கொடுத்த பிறகும் துடிப்பு நிமிடத்துக்கு 60-க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சு அழுத்தம், அதுவும் மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில். உதவி தேவைப்படாத சிசுவுக்குத் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது காத்திருக்கச் சொல்கிறது 2025-ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிமுறை.

இந்த விதிகளில் சில நம் நாட்டுப் பிரசவ அறைகளில் கிடைத்த சான்றுகளால் உருவானவை என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. மூச்சுவிடாத சிசுவுக்கு நூறு சதவீத ஆக்சிஜன் தருவதே சரி என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், டெல்லியில் சித்தார்த் ராம்ஜியும் உடனிருந்தோரும் சாதாரண அறைக்காற்றே போதும் என்று 1993-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். பல நாடுகளில் 609 குழந்தைகளிடம் நடந்து 1998-இல் வெளியான ஆய்வும் அதை உறுதிசெய்தது. 2010-இல் பன்னாட்டு நெறிமுறை மாறியது. அதேபோல, சிசு கருப்பையிலேயே மலம் கழித்துத் துவண்டு பிறந்தால் உடனே தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சுவது நெறிமுறையே சொன்ன வழக்கமாக இருந்தது. புதுச்சேரி ஜிப்மரில் 122 குழந்தைகளிடம் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, உறிஞ்சுவதால் தனிப்பயன் இல்லை என்றது. அதே ஆண்டு இல்கோர் எடைபோட்ட சான்றுகளில் அதுவும் இருந்தது. எல்லோருக்கும் வழக்கமாக உறிஞ்சும் முறை கைவிடப்பட்டது. வினாடிகளை வீணாக்காமல் காற்றைக் கொடு என்பதே இன்றைய விதி.

இன்னும் முக்கியமானது ஹெலிக்ஸ் ஆய்வு. பிறப்பின்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுவின் உடலை 72 மணி நேரம் சுமார் 33.5 டிகிரியில் குளிர்வித்து வைப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அது இங்கும் பலன் தருமா என்று இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் ஆராய்ந்தார்கள். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. 2021-இல் வந்த முடிவு எல்லோரையும் உலுக்கியது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் குளிர்விக்கப்படாதவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தனர். காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பாதிப்பு பிரசவத்துக்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறதோ என்று ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். லண்டனில் உயிர் காப்பது ராயபுரத்திலும் காக்கும் என்று சோதிக்காமலே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

குழந்தைகள் சிகிச்சையிலும் சென்னை கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கிருமித்தொற்றால் ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு எவ்வளவு நீர்மத்தை எவ்வளவு வேகமாக ஏற்றலாம்? எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இந்துமதி சந்தானம் குழுவினர் 147 குழந்தைகளிடம் இரு முறைகளை ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டனர். வேகமாக ஏற்றியதால் கூடுதலாக உயிர்கள் தப்பவில்லை. மூன்று ஆண்டு கழித்து ஆப்பிரிக்காவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வில் வேகமாக ஏற்றியது இறப்பையே கூட்டியது. செயற்கைச் சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அருகில் இல்லாத இடத்தில் நிதானமாக ஏற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை இன்று நெறிமுறைகளில் உள்ளது.

இதயம் நின்ற குழந்தைக்கு நெஞ்சை மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்த வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் 30 அழுத்தம், 2 மூச்சு. பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் 15-க்கு 2. ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரு விரலால் அழுத்தும் முறையை 2025-ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிமுறை நீக்கிவிட்டது. இரு கட்டைவிரலாலோ ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ அழுத்தலாம்.

பெரியவர்களுக்கு விதி எளிது: நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வாயோடு வாய் வைக்கப் பலரும் தயங்குவதை உணர்ந்து, பயிற்சியற்ற பொதுமக்கள் நெஞ்சு அழுத்தம் மட்டும் கொடுத்தால் போதும் என்று 2017-ஆம் ஆண்டின் இந்திய நெறிமுறை வகுத்தது. மிகச் சரியான முடிவு. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது எந்த ஓட்டுநரும் பறந்து வர முடியாது. திடீரென இதயம் நின்றுபோனால், அழுத்தமும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. அந்த நிமிடங்களில் பக்கத்துவீட்டாரின் கைகள்தான் மருத்துவம்.

அழுத்தம் மட்டும் போதும் என்ற விதி நீரில் மூழ்கியவர்களுக்குப் பொருந்தாது. கடற்கரைப் பகுதியில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் குறைந்தது மூச்சுதான். எனவே பயிற்சி உள்ளவர் மூச்சு கொடுத்தே தொடங்க வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் காலைப் பிடித்துச் சுற்றுவதும் நேரத்தைத் தின்னும். வாந்தியை நுரையீரலுக்குள் தள்ளும். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்த பிறகு மூச்சில்லாவிட்டால் அப்போதே நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்கலாம்.

ஆலைப் பகுதிக்கே உரிய சிக்கல் நச்சுவாயு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலுமாகப் பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இத்தகைய நேரத்தில் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி வெளியேற வேண்டும். பாதுகாப்பு உடையில்லாமல் வாயுவுக்குள் புகுந்தால் காப்பாற்றப் போனவரும் விழுவார். மீட்கப்பட்டவரின் உடையைக் களைந்து, கண்ணையும் தோலையும் நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைக்காமல் பையும் முகமூடியும் கொண்டே காற்று கொடுக்க வேண்டும்.